பதின்மூன்றாம் நம்பர் பாட்டில்

பிறருடைய சிறுநீரைக் காய்ச்சிப் பிழைக்கிறவனுக்கு நண்பர்கள் அமைவது கஷ்டம். நான் பல வருஷம் அந்த வேலை பார்த்தேன். ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் ஆய்வுக்கூடத்தில்.

இனிப்பு நீர்க்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் நீரிழிவு என்பார்கள். இங்கே மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் இனிப்பு நீர் என்று ஆக்கிக்கொண்டோம். இப்போது உங்களுக்கு விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், வேலை முடிந்தது. அன்று அப்படியா? காலையில் பாட்டிலை நிரப்பி, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அதை வாங்கி வைத்தவன் நான்தான். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைப்பேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் டாக்டர் உங்களைத் திட்டுவார், நீங்கள் போகிற வழியில் என்னை முறைத்துவிட்டுப் போவீர்கள்.

மேசை மாறிய தையல்காரர்

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை. சாப்பாடு சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில். அங்கே நாலு பேர் உட்காரும் மேசை ஒன்றில் எனக்கும் ஓர் இடம் அமைந்திருந்தது. மற்ற மூவரும் ஒரு தையல்காரர், ஒரு துறைமுகக் குமாஸ்தா, ஃபேரர் பார்க் திடலில் பந்தாட்டம் பார்த்துவிட்டு வரும் ஒரு வாத்தியார். என்ன வேலை என்று கேட்டார்கள். "கெமிஸ்ட்" என்றேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. குமாஸ்தா கதை சொல்வார், நாங்கள் சிரிப்போம். ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஒருநாள் தையல்காரரே பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் யாருடையதையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார், ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அன்று மாலை எங்கள் மேசையில் நான் மட்டும்தான். மூவரும் மின்விசிறிக்குக் கீழே வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவருடையதை அவர் தொடலாம், நான் தொட்டால் தீட்டா? எழுந்து போய்க் கேட்டுவிட நாற்காலியைத் தள்ளினேன். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து காதருகில் குனிந்தார்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாளையிலேர்ந்து உங்களுக்கு அந்தக் கடைசி மேசையில இலை போட்டுடுறேன். அங்க காத்து நல்லா வரும்."

மூன்று முறை காய்ச்சிய கரைசல்

நீலக் கரைசலை நாங்களேதான் தயாரிப்போம். புதிதாகக் காய்ச்சியதும் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சர்க்கரை இல்லாத ஓர் ஆளின் சிறுநீர் வேண்டும். அதற்கு எங்கே போவது? காய்ச்சுகிறவன் தன்னுடையதையே ஊற்றிக்கொள்வான். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒரு திங்கட்கிழமை அது மஞ்சளாகிவிட்டது. கரைசல் கெட்டுவிட்டது என்று அவ்வளவையும் தொட்டியில் கொட்டினேன். மறுபடி தராசில் நிறுத்து, மறுபடி காய்ச்சினேன். மறுபடி மஞ்சள். மூன்றாம் தடவை தராசைத் துடைத்து, குழாய்களையெல்லாம் இரண்டு முறை கழுவிவிட்டுக் காய்ச்சினேன். அப்போதும் மஞ்சள்தான்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால், மன்னார்குடியில் தன் அப்பா வீட்டில் இருந்த என் மனைவி சாரதாவையும், போட்டோவில் மட்டுமே நான் பார்த்திருந்த மகள் மங்கையையும் கப்பலேற்றி வரவழைக்கலாம். இடையில் இருந்தது ஒரே ஒரு மெடிக்கல் பரிசோதனை. அதில் சர்க்கரை தெரிந்தால் நிரந்தரம் கிடையாது. மூன்று மஞ்சள் குழாய்களையும் பார்த்துக்கொண்டு நான் இதையெல்லாம் யோசித்து நின்றேன். கூட வேலை பார்த்த யூசோப் மலாய்க்காரன். எங்களோடு பழகித் தமிழும் பேசுவான். மலாயில் பாகுஸ் என்றால் நல்லது, தாக் பாகுஸ் என்றால் சரியில்லை. குழாய்களைப் பார்த்தான், என்னையும் ஒருமுறை பார்த்தான். "மணியம், மருந்து பாகுஸ் லா. ஆள்தான் தாக் பாகுஸ்."

நாக்கு செத்த டாக்டர்

எங்கள் பகுதிக்குத் தலைவி டாக்டர் லிம். குட்டையான சீன அம்மா, சிரிப்பில் ரொம்பச் சிக்கனம். அவரிடம் வருகிற தமிழர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இலை சாப்பிடுவதாகச் சொல்வார்கள். சீனர்கள் பாகற்காய்ச் சாறு என்பார்கள், மலாய்க்காரர்கள் ஏதோ ஒரு விதை என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒன்றையாவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று என்னைப் பஃபலோ ரோட்டில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் அனுப்பினார். பாய் நாகூர்க்காரர். நான் ஆராய்ச்சி, ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்ததைக் காதில் வாங்கவே இல்லை. ஒரு காய்ந்த இலையை வாயில் போட்டு மெல்லச் சொன்னார். கசந்தது. பிறகு ஒரு கற்கண்டைக் கொடுத்தார். மணலைக் கடித்த மாதிரி இருந்தது. இனிப்பு என்பதே இல்லை. அதுதான் சிறுகுறிஞ்சான். "நாக்குல செத்துப்போன இனிப்பு நரம்புல மட்டும் உசுரோட இருக்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஒரு மூட்டையைக் கட்டிக் கொடுத்தார் பாய்.

எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். டாக்டரும் இலையை மென்று, ஒரு தேக்கரண்டி சீனியை வாயில் கொட்டிக்கொண்டார். கண்கள் பெரிதாக விரிந்தன. சிறு பெண் மாதிரி இன்னொரு கரண்டியும் போட்டுப் பார்த்தார். பாய் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஆங்கிலத்தில் அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "நாக்கை ஏமாற்றுவது பெரிய காரியமில்லை, மணியம். மிச்சத்தை உன் பாட்டில் சொல்லட்டும்."

ராமையா என்கிற வாட்ச்மேன்

ஏற்பாடு இதுதான். பன்னிரண்டு நோயாளிகள். இரண்டு டின். ஒன்றில் சிறுகுறிஞ்சான் பொடி, இன்னொன்றில் பார்ப்பதற்கு அதே மாதிரி பச்சையாக இருக்கும் ஏதோ ஒரு சும்மாப் பொடி. எதில் எது என்று டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். ஆறு பேருக்கு ஒன்று, ஆறு பேருக்கு மற்றது. வாராவாரம் பாட்டில் கொண்டுவர வேண்டும். நான் நிறம் பார்த்து அவரவர் அட்டையில் எழுத வேண்டும்.

பன்னிரண்டு அட்டை எழுதி முடித்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பதின்மூன்றாவதாக ஒன்று எழுதினேன். பெயர் ராமையா, தொழில் வாட்ச்மேன், நிறம் மஞ்சள். கைக்கு வந்த டின்னிலிருந்து ராமையாவுக்கும் பொட்டலம் போட்டேன். மெடிக்கலுக்கு நாலு மாதம் இருந்தது. அதுவரை இனிக்க இனிக்கக் குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பி ஓ கோசோங்குக்கு மாறினேன், சீனியும் பாலும் இல்லாத கறுப்புத் தண்ணீர் அது. மாலையில் ஃபேரர் பார்க் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பேச ஆள் இல்லாதவனுக்கு நடக்க நிறைய நேரம் கிடைக்கும். முதல் மாதக் கடைசியில் ராமையா மஞ்சளிலிருந்து பச்சைக்கு இறங்கினார். சாரதாவுக்கு எழுதினேன்: தீபாவளிக்கு இங்கே இருப்பீர்கள், தயாராகுங்கள். அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஒருநாள் சொன்னார்: "இந்த ராமையா எப்போதும் நான் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போய்விடுகிறார். நல்ல வாட்ச்மேன்."

குறுக்குவழி

சின்னையா லோரி ஓட்டுகிறவர். மூன்றாவது வாரம் அவர் கொண்டுவந்த பாட்டிலில் பச்சையாக ஒரு குழம்பு இருந்தது. அடியில் ஒரு விரற்கடைக்கு வண்டல். பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போனேன். சின்னையா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பயப்படாதீங்கலா. பொடிய நான்தான் அதுல போட்டேன். வாயில போட்டு, வயித்துக்குப் போயி, சுத்திக்கிட்டு அங்க வந்து சேர எத்தன நாளாவும்? எந்த எடத்துல சரக்கு வேணுமோ அந்த எடத்துல எறக்கிடணும்."

தேனில் குழைத்து

முதல் மாதம் பொடியை வெறும் காகிதத்தில் மடித்து, தண்ணீரில் விழுங்குங்கள் என்று வாயால் சொல்லிக் கொடுத்தோம். அதன் பிறகு ஒழுங்காகச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். ஒரு பொட்டலம், இரு வேளை, சாப்பாட்டுக்கு முன், தண்ணீரில். மலாயில் யூசோப் எழுதினான். சீனத்தில் டாக்டர் எழுதினார். தமிழில் நான். நாட்டு மருந்துச் சீட்டுகளையே பார்த்து வளர்ந்த கை அது. 'ஒரு பொட்டலம், காலை மாலை இரு வேளை' என்று எழுதினேனோ இல்லையோ, பேனா தானாகவே அடுத்ததையும் எழுதிவிட்டது: 'தேனில் குழைத்து உண்க.' படி எடுத்து ஒட்டியும் ஆயிற்று. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் ஒரு புட்டி தேன் வாங்கி, தினமும் குழைத்து நக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் விசித்திரம் ஒன்று நடந்தது. சீனர்களும் மலாய்க்காரர்களும் இருந்த நிறத்திலேயே இருந்தார்கள். தமிழர்கள் மட்டும் கூண்டோடு செங்கல் நிறத்துக்குப் போனார்கள். ராமையாவும் போனார். டாக்டர் மூன்று நாள் தடித் தடிப் புத்தகங்களாகப் புரட்டினார். தமிழர் உடம்பில் என்ன விசேஷம், புழுங்கலரிசியா, தோசையா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நானும் தாடையைத் தடவிக்கொண்டு ஆழ்ந்து யோசித்துப் பதில் சொன்னேன். நாலாம் நாள், ரங்கூன் ரோட்டில் வடை சுட்டு விற்கும் மாரியம்மா அக்கா பாட்டிலோடு வந்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்க, வேறு வழியில்லாமல் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அக்கா சொன்னது இது: "நீங்க எழுதுனபடி தேன்லதான் கொழைச்சுத் திங்குறேன் தம்பி. ஆனா தேக்காவுல விக்கிற தேனு சரியில்ல, ரெண்டாவது நக்குக்கே இனிப்பு இல்ல. அம்மாகிட்டச் சொல்லி நல்ல தேனா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

இரவல்

டாக்டர் திட்டிய திட்டை எழுதினால் அச்சில் வராது. சீட்டை மாற்றினோம். அந்த வாரங்களின் கணக்கைக் குப்பையில் போட்டோம். ஆனால் பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி இருந்தார். வேலப்பன், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஐம்பது தாண்டியவர், தனிக்கட்டை. அவர் பாட்டில் ஒரு வாரம் செங்கல் நிறம் காட்டும், மறுவாரம் சுத்த நீலம் காட்டும், அடுத்து மறுபடி செங்கல். முதன்முதலில் நீலத்தைப் பார்த்தபோது, இலை வேலை செய்கிறது என்றே நம்பினேன். பிறகு சந்தேகம் வந்தது. எந்த மருந்தும் இப்படி ஊஞ்சலாடாது.

தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். குனிந்து செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டே சொன்னார். செங்கல் நிறமெல்லாம் அவர் குடியிருப்புச் சமையல்காரருடையது; அந்த ஆள் லீவில் போகிற வாரம் மட்டும் தன்னுடையதைக் கொண்டுவந்திருக்கிறார். இவருக்குச் சர்க்கரையே இல்லை. ஏன் இந்த வேலை என்றேன். அட்டையில் நான் வாராவாரம் கேட்டு நிரப்ப வேண்டிய கேள்விகள் சில உண்டு: என்ன சாப்பிட்டீர்கள், தாகம் எடுக்கிறதா, தூக்கம் எப்படி? மற்றவர்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஓடுவார்கள். இவர் மட்டும் கனவு உட்பட விவரமாகச் சொல்வார். நான் அவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ராமையாவுக்கு அந்த யோக்கியதை ஏது? வேலப்பன் சொன்னது இவ்வளவுதான்: "என்னோடதையே கொண்டாந்தா, ஒண்ணும் இல்ல, இனிமே வராதேன்னு சொல்லிடுவீங்க. நல்லாத் தூங்கினீங்களான்னு அப்புறம் என்னை யாரு தம்பி கேப்பா?"

மெடிக்கல்

மெடிக்கலுக்குக் கடிதம் வந்தது, வருகிற வியாழக்கிழமை என்று. தேன் செய்த சேதம் எனக்கு இன்னும் தீரவில்லை. பச்சையாக இருந்தது போய் மஞ்சளிலேயே நின்றது. தீபாவளி என்று எழுதிவிட்டேனே என்ற நினைப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலப்பனிடம் வெட்கத்தை விட்டு ஒரு பாட்டில் இரவல் கேட்டேன். அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் தன்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்றார். வியாழக்கிழமை காலையில் பாட்டிலை வெந்நீரில் மூன்று முறை கழுவி நிரப்பி, வெள்ளைத் துணியில் பொதிந்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலையாளின் பாட்டிலை வேறொருவர்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. யூசோப் பார்த்தான். நான் குழாய் கழுவுகிறவன் மாதிரி பக்கத்திலேயே நின்றேன். எட்டுச் சொட்டு, கொதிநீர், நீலம். யூசோப் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். எனக்கு மங்கையின் முகம் தெரிந்தது. அதற்குள் அவன் அடுத்த சோதனையை ஆரம்பித்துவிட்டான். மெடிக்கல் என்றால் சர்க்கரை மட்டும் இல்லை. சிறுநீரை வேறொரு குழாயில் ஊற்றி மேல்பாதியைச் சூடாக்கினான். அது வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி கட்டியாக வெளுத்தது. அமிலம் விட்டுப் பார்த்தான், கரையவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போன ஆளுக்குத்தான் அப்படி வரும். வேலப்பனின் கால் வாராவாரம் செருப்பு வாரைத் தாண்டி வீங்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன், மூட்டை தூக்கியதால் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய சொந்தச் சிறுநீர் எத்தனையோ வாரம் என் கையில் இருந்திருக்கிறது. அட்டை சர்க்கரையைக் கேட்டது, நான் சர்க்கரையைப் பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்றும் எனக்குப் போகவில்லை. யூசோப் குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினான்: "மணியம், உனக்குச் சர்க்கரை போச்சு லா. முட்டை வந்துடுச்சு."

இரண்டு டின்

பாட்டில் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் பொறுத்து, வேலப்பனின் பாட்டிலைத் தற்செயலாகப் பார்த்தவன் போல நடித்திருக்கலாம். அரை மணி நேரம் இதையெல்லாம் யோசித்தேன், உங்களிடம் ஒளிப்பானேன். ஆனால் அந்த ஒரு வாரத்தில் அந்த மனிதர் மூட்டையோடு கீழே விழுந்துவிட்டால்? டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலப்பன், இரவல் பாட்டில், ராமையா, எதையும் விடவில்லை. டாக்டர் முதலில் போனை எடுத்து வேலப்பனுக்கு ஒரு கட்டிலுக்கு ஏற்பாடு செய்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். பாட்டில் மாற்றியதை மேலிடத்துக்கு எழுதப்போவதில்லை, சர்க்கரையை எழுதாமல் இருக்க முடியாது என்றார். நிரந்தரம் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்கள்.

சோதனையும் அந்த மாதத்தோடு முடிந்தது. இலை தின்றவர்களுக்கும் சும்மாப் பொடி தின்றவர்களுக்கும் நான் எழுதிய நிறங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் தேன் குழப்பிவிட்டது. 'ஒன்றும் சொல்ல முடியவில்லை' என்று எழுதி டாக்டர் ஃபைலை மூடினார். ராமையா மட்டும் முதல் மாதம் இறங்கினாரே என்றேன், விடாமல். எந்த டின் என்று கேட்டார். இரண்டாவது என்றேன். அந்தத் தேன் கடைசி வரை இனித்ததா என்று கேட்டார். விரலை நக்கும்வரை இனித்தது என்றேன். டாக்டர் லிம் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "அப்படியென்றால் நீ தின்றது காய்ந்த கங்குங் கீரை. உன்னை இறக்கியது உன் கால்கள். வடை விற்கிற அம்மாள் இரண்டாவது நக்கில் கண்டுபிடித்ததை, ஆய்வுக்கூடத்து ஆள் நீ கண்டுபிடிக்கவில்லையே."

உண்மையில் கண்டுபிடிக்க நான் விரும்பவில்லை. பாயின் கடையில் கற்கண்டைக் கடித்துப் பார்த்தவன்தானே நான், தெரியாமல் இருக்குமா? அது இலையாகவே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அன்று அறைக்குப் போய்ச் சாரதாவுக்கு எழுதினேன். சர்க்கரை விஷயத்தையும் முதல்முறையாக எழுதினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பதில் மூன்று வாரம் கழித்து வந்தது, தீபாவளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல்: "டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்கள். உங்களுக்கு அங்கே யார் சமைக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே."

ஐந்தாம் வார்டு

வேலப்பனைப் பார்க்கும் முதல் நாள் வார்டு வாசலிலேயே நின்றேன். என்ன முகத்தோடு போவது? போனால், மனிதர் தலையணையில் சாய்ந்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். உப்பில்லாத கஞ்சியை மட்டும் குறை சொன்னார். மற்றபடி, காலையில் ஒரு நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், மத்தியானம் இன்னொருத்தி கூப்பிடுகிறாள், மூத்திரத்தைக்கூட அளந்து எழுதிக்கொள்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். மெடிக்கல் என்ன ஆயிற்று என்று கேட்டார். தவறிவிட்டது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தன்னுடையது எனக்கு உதவாமல் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம். நான் எதற்காக மன்னிப்புக் கேட்க வந்தேனோ, அதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அழுகை வந்தது. மூக்கைச் சிந்துகிற மாதிரி கைக்குட்டையை எடுத்தேன்.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்குப் போனேன். சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசைக்குப் போக வேண்டிய அவசரம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவர் இரண்டு மழைக்காலம் இருந்தார். வார்டுக்கும் குடியிருப்புக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். கடைசியில் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அவர் உடலை வாங்கிக்கொண்டவன் நான்தான். நான் நிரந்தரமாகி வீடு கிடைத்து, சாரதாவும் மங்கையும் கப்பலிலிருந்து இறங்கியது அதற்கும் அடுத்த வருஷம். அப்போது மங்கைக்கு ஆறு வயது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், வெளியே வர நாலு நாள் ஆயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது வார்டின் முதல் நாளைப் பற்றி. கிளம்பும்போது நர்ஸ் என்னை நிறுத்தி விலாசம் கேட்டாள். எதற்கு என்றேன். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, உறவு, தம்பி. திரும்பி வேலப்பனைப் பார்த்தேன். "யாரு இருக்கான்னு கேட்டாங்க. லேப்புல எனக்கு ஒரு தம்பி இருக்கான், என் தண்ணிய வச்சு பாஸ் பண்ணப் பாத்து ஃபெயிலாயிட்டான்னு சொன்னேன். வேற யாரச் சொல்லச் சொல்றீங்க?"

சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இனிப்பு நீர்க்காரர்களே. ஆனால் இந்த ஊரில் தனியாக இருப்பவனை நாலு பேர் தேட வேண்டுமானால் அவன் பாட்டிலில் ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதை மட்டும் நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சோதித்து முடித்திருக்கிறேன்.